பன்னீர்ப் பந்தலைப் பிரித்துவிட்டு வெள்ளை ஒயின் திராட்சை நடலாமா?

கேள்வி: ஐயா, கம்பம் பக்கம் காமயகவுண்டன்பட்டியில் 2 ஏக்கர் பன்னீர்த் திராட்சை வைத்திருக்கிறேன். வெட்டு நேரத்தில் வியாபாரி விலையை இறக்கிவிடுகிறார். பிப்ரவரியில் நாசிக் போயிருந்தோம். அங்கே செனின் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையை ஒயினுக்குக் கொடுக்கிறார்கள். பழம் நல்ல இனிப்பு, கூடவே புளிப்பு. அந்த ஒயினை மீன் வறுவலோடு தருகிறார்கள். பந்தலைப் பிரித்துவிட்டு இதை நடலாமா?

பதில்: பந்தலில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். காரணத்தை, நீங்கள் நாக்கில் உணர்ந்த அந்தப் புளிப்பிலிருந்தே சொல்கிறேன்.

செனின் பிளாங்க், பிரான்சின் லுவார் ஆற்றுப் பக்கத்து ரகம். நாசிக்கில் ராஜீவ் சமந்த் 1997-ல் நட்ட ஒயின் ரகங்களில் இதுவும் ஒன்று. 2000-ல் அவருடைய சூலா நிறுவனத்தின் ஒயின் விற்பனைக்கு வந்தது. வெயில் ஊர்களில் பல ரகங்களுக்குச் சர்க்கரை ஏற ஏறப் புளிப்பு இறங்கிவிடும். இது 22 பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரை அளவு) வந்தாலும் புளிப்பை அவ்வளவு எளிதில் விடாது. மீன் வறுவலுக்கு நாம் எலுமிச்சை பிழிகிறோமே, அந்த வேலையைத்தான் ஒயினில் இந்தப் புளிப்பு செய்கிறது. லேசாக இனிப்பை மிச்சம் வைத்துச் செய்த செனின் என்றால் மிளகாய்க் காரத்தையும் தணிக்கும். வறுத்த இறால், ஜவ்வரிசி வடை, தேங்காய்ப்பால் குழம்பு எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆட்டுக்கறிக் குழம்புக்கு முன்னால் நிற்காது. அதனால்தான் ஆலைக்காரர் எடையோடு நிறுத்தாமல், பிரிக்ஸும் புளிப்பும் பார்த்து வெட்டு நாளைச் சொல்கிறார்.

சிக்கல் கொத்தில் இருக்கிறது. கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள், பழங்களுக்கு நடுவே விரல் நுழையாது. உள்ளே ஒரு பழம் வெடித்தால் போதும், சாறு கசிந்து பக்கத்துப் பழங்களும் அழுகும். நாசிக்கில் ஏப்ரலில் ஒரு கவாத்து, மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் காய்க்கவாத்து. காய்ந்த பனிக்காலத்தில், குளிர்ந்த இரவுகளில் பழம் தேறுகிறது. உங்களுக்கு அக்டோபரில் கவாத்து செய்தால் நவம்பர் மழையில் பூக்கும்; அடிச்சாம்பல் என்ற பூஞ்சை நோய் கொடியை விடாது. டிசம்பர் கடைசிக்குத் தள்ளினால் மழையிலிருந்து தப்பலாம், ஆனால் பழுப்பது ஏப்ரல், மே வெயிலில். அந்தச் சூட்டில் செனினும் புளிப்பை இழக்கும். பிறகு அந்த ரகத்தை வைத்து என்ன பயன்?

விலையிலும் நீங்கள் நினைப்பதுபோல் விடுதலை இல்லை. சின்னப் பழம், விதையுள்ளது. ஆலை வேண்டாம் என்றால் சந்தையில் போணியாகாது. இன்று பல வியாபாரிகளில் ஒருவரை நம்புகிறீர்கள், நாளை ஒரே ஆலையை நம்ப வேண்டும். கொள்முதல் ஒப்பந்தம் எழுத்தில் கைக்கு வராமல் ஒரு ஏக்கர்கூட மாற்றாதீர்கள்.

ஆசை இருந்தால் வரப்போரம் 20 கொடி வைத்துப் பாருங்கள். டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டியதாக வாங்குங்கள். பந்தலில் ஏற்றாமல் கம்பியில் நேராகப் படரவிட்டு, கொத்தைச் சுற்றியுள்ள இலைகளைக் காலை வெயில் படும் பக்கம் மட்டும் கிள்ளிவிடுங்கள். காற்றோட்டம் இருந்தால் அழுகல் குறையும்.

உங்கள் பன்னீரும் ஒயினுக்கு ஆகாத பழமில்லை. அது மஸ்கட் ஹாம்பர்க். சீனாவின் தியான்ஜினில், பிரான்சின் ரெமி மார்ட்டின் நிறுவனக் கூட்டோடு 1980-ல் தொடங்கிய டைனஸ்டி நிறுவனம் இந்தக் கருப்புப் பழத்தில்தான் வெள்ளை ஒயின் செய்தது. ஒன்றை நசுக்கிப் பாருங்கள்: கருப்பெல்லாம் தோலில்தான், சாறு வெளுப்பு. கம்பம் பன்னீருக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அடுத்த வெட்டில் பத்துக் கொடியின் கொத்துகளை மட்டும் பத்து நாள் கூடுதலாக விட்டு, பிரிக்ஸ் மீட்டரில் தினமும் பார்த்துக் குறித்து வையுங்கள். சாறு, ஒயின் ஆலைக்காரர்களிடம் பேசப் போகும்போது அந்த நோட்டு கையில் இருக்கட்டும்.