சொந்தத் தளமும் வாடகை வீடுதான்

அன்புள்ள ஐயா,

என் கணக்கை ஒரு சமூக ஊடகம் முடக்கிவிட்டது. அது அமெரிக்க நிறுவனம். அங்கே பேச்சுரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் முதல் சட்டத்திருத்தம் இருந்தும் இப்படிச் செய்யலாமா? சொந்த இணையதளம் தொடங்கினால் இந்தத் தொல்லை தீருமா?

வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் சட்டத்திருத்தம் கட்டுவது அரசின் கையை, நிறுவனத்தின் கையை அல்ல. இதை மறுப்பவர்கள் 1946இன் மார்ஷ் எதிர் அலபாமா தீர்ப்பைக் காட்டுவார்கள். கப்பல் கட்டும் நிறுவனத்துக்குச் சொந்தமான ஊரில், நடைபாதையில் மதப் பிரசுரம் கொடுத்த பெண்ணுக்கு விதித்த தண்டனை செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அங்கே தெருவும் கடைவீதியும் காவலும் நிறுவனத்தின் பொறுப்பிலேயே இருந்தன. யூடியூபும் அப்படி ஓர் ஊர்தான் என்று வாதிட்ட வழக்கு 2020இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. 2024இல் உச்ச நீதிமன்றம், பதிவுகளைத் தளம் தேர்ந்து தொகுப்பதும் கருத்து வெளிப்பாடுதான் என்றது. அந்தச் சட்டத்திருத்தத்தைக் கையில் எடுத்தால் அது தளத்துக்குத்தான் உதவும்!

உங்களுக்கு மிஞ்சுவது ஒப்பந்தம். படிக்காமல் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தினோமே, அது. கணக்கை மீட்கத் தளத்திடமே முறையிடும்போது கோபத்தைக் கொட்டாதீர்கள். பதிவின் இணைப்பு, மீறியதாகச் சொல்லப்படும் விதி, அது ஏன் பொருந்தாது என்பதற்கு இரண்டு வரி போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி நீக்கத்துக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். பெரிய தளங்களிடம் ஆறு மாதம் வரை முறையிடலாம்.

சொந்தத் தளத்திலும் வீட்டுக்காரர்கள் உண்டு, ஒருவரல்ல, பலர்: தளத்தைத் தாங்கும் கணினியான சர்வரை வாடகைக்குத் தருபவர், டொமைன் என்னும் இணைய முகவரியைப் பதிந்து தரும் பதிவாளர், பணம் வாங்கித் தரும் சேவை. 2021 ஜனவரியில் பார்லர் என்ற சமூக ஊடகச் செயலியை ஆப்பிளும் கூகுளும் தங்கள் செயலிக் கடையிலிருந்து எடுத்தன. அமேசான் சர்வரை நிறுத்தியதும் தளமே இருண்டது.

சர்வர் போனால் பிழைக்கலாம், பிரதி வேறிடத்தில் இருந்தால். டொமைன் போனால் முகவரியே போச்சு. அதனால் இரண்டையும் ஒரே நிறுவனத்திடம் வாங்காதீர்கள். டொமைன் உங்கள் பெயரில் இருக்கட்டும், தளம் கட்டிக்கொடுத்தவர் பெயரில் வேண்டாம். புதிதாகப் பதிந்த டாட்காம் பெயரைப் பொதுவாக 60 நாளுக்கு வேறு பதிவாளரிடம் மாற்ற விடமாட்டார்கள். ஆகவே ஆரம்பத்திலேயே பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பலரும் கோட்டைவிடும் இடம் இன்னொன்று: பதிவாளரிடம் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் முடங்கிய அன்று, கடவுச்சொல்லை மீட்கும் அஞ்சலும் வந்து சேராது.