காட்டிய சரக்குக்குத் தீர்வை

கேள்வி: பழைய இங்கிலாந்து வரலாறு பற்றிய நூலொன்றில் ‘ஸ்கவிஜ்’ என்ற சொல்லைக் கண்டேன். பண்டங்கள் மீதான வரி என்கிறது அகராதி. குப்பை அள்ளுபவரைக் குறிக்கும் ‘ஸ்கவெஞ்சர்’ இதற்கு உறவா, அல்லது ஒலி மட்டும்தான் ஒத்திருக்கிறதா?
— வாசகர், கிளிநொச்சி

பதில்: உறவுதான்; தாயும் பிள்ளையும் போன்ற உறவு. இடைக்காலத்தில் இலண்டனுக்கு வந்த வெளியூர், வெளிநாட்டு வணிகர்கள் தம் சரக்கை விற்பனைக்கு விரித்துக் காட்டும்போது நகராட்சி அறவிட்ட தீர்வைக்கே ஸ்கவிஜ் என்று பெயர். பார்வையிடுதல் என்று பொருள்படும், பெல்ஜியப் பகுதி மொழியான பிளெமிஷின் வினைச்சொல் ஒன்று வட பிரான்சின் பேச்சுவழக்கு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து இப்படி ஆயிற்று. ‘காட்டு’ என்னும் பொருளுடைய ‘ஷோ’ அதே வேரில் கிளைத்தது என்பதால் இத்தீர்வைக்கு ‘ஷோவேஜ்’ என்ற மறுபெயரும் இருந்தது. வன்னிக்குப் போகும் வழியில் இருந்த ஓமந்தைச் சோதனைச் சாவடியில் லொறியிலிருந்து மூட்டைகளை இறக்கி, அவிழ்த்துக் காட்டி, மறுபடியும் கட்டி ஏற்றிய நம்மவர்களுக்கு, ஒரு பண்டத்தின் பயணத்தில் ‘காட்டுதல்’ எவ்வளவு பெரிய வேலை என்று நான் சொல்லத் தேவையில்லை.

இத்தீர்வையைத் தண்டியவர் ‘ஸ்கவிஜர்’. சரக்கைப் பார்வையிட்ட அந்தப் பதவிப் பெயர், காலப்போக்கில் தெருவைப் பார்வையிடும் வட்டார அலுவலருக்கும் ஆகிவந்தது. இலண்டன் நகரச் செயலர் ஜோன் கார்ப்பென்டர் 1419இல் தொகுத்த ‘லீபர் அல்பஸ்’ என்னும் ஏட்டில் இவர்கள் எடுக்கவேண்டிய உறுதிமொழி இருக்கிறது: நடைபாதைகள் செப்பமாக உள்ளனவா, தெருக்களில் சாணமும் அழுக்கும் அகற்றப்படுகின்றனவா, புகைபோக்கிகளும் அடுப்புகளும் தீப்பிடிக்காதபடி கல்லால் கட்டப்பட்டுள்ளனவா என்றெல்லாம் அவர்கள் கண்காணிக்கவேண்டும். குப்பையை அள்ளியவர்கள் வேறு ஆட்கள். ஆனாலும் பெயர், மேற்பார்வையாளரை விட்டு மெல்ல மெல்ல இறங்கி, அள்ளுபவரிடமே போய்ச் சேர்ந்துவிட்டது. இடையில் நுழைந்த மெல்லின ஒலி ஒன்றும் புதுமையல்ல. ‘மெசேஜ்’ கொண்டுவருபவர் ‘மெசெஞ்சர்’ ஆனதும் அப்படித்தான்.

நாட்டின் சொந்த வணிகர்களிடம் நகரங்கள் இதை அறவிடக்கூடாது என்று ஏழாம் ஹென்றியின் காலத்தில் சட்டம் வந்தது. இன்று தாய்ச்சொல்லை அகராதியில் தேடவேண்டியிருக்கிறது. பிள்ளை எல்லோர் வாயிலும் இருக்கிறது.

கேள்வி: இத்தகைய வரிக்குத் தமிழில் பழஞ்சொல் உண்டா?
— வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: ‘உல்கு’ என்பது அது. 756ஆவது குறள், அரசனுக்கு உரிய பொருள்களுள் ஒன்றாக ‘உல்குபொருள்’ என்பதைச் சொல்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் உல்கு கொள்வோர் ஏற்றுமதி, இறக்குமதிப் பொதிகளில் புலிச் சின்னம் பொறித்து அடுக்கியதைப் பட்டினப்பாலை வருணிக்கிறது. பார்த்து, முத்திரையிட்டு, பிறகே வெளியே விடுதல் என்ற முறை அங்கும் இருந்தது. பின்னாளில் ‘சுங்கம்’ வழக்கில் நிலைத்தது. முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்ற பெயரும் கிடைத்தது.

நம் சந்தைகளில் குத்தகைக்காரர் துண்டு கிழித்துத் தந்து வாங்கும் காசை இந்த வரிசையில் வைக்கலாம். 100 கிலோ கத்தரிக்காய் கொண்டுபோனால் 90 கிலோவுக்கே விலை போட்டு, மீதியைக் ‘கழிவு’ என்று வியாபாரி எடுத்துக்கொள்வதை மட்டும் வரி என்று சொல்லமாட்டேன். எந்த அரசனும் விதிக்காதது அது.