வாகனம் – வாசகர் கேள்வி பதில்: காரில் ரேடியோ செட் பூட்டுவது

ரேடியோ செட் பற்றி வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என்னுடையது டொயோட்டா கொரோல்லா 121. பழைய செட்டைக் கழற்றிவிட்டு டபுள் டின் (இரட்டை உயர) அளவிலான புதுச் செட் ஒன்றை நானே பூட்ட நினைக்கிறேன். காரின் வயரையும் செட்டின் வயரையும் நிறம் பார்த்து, ஒரே நிறத்தை ஒரே நிறத்தோடு முறுக்கினால் போதும் என்கிறார் நண்பர். செய்யலாமா?
– வாசகர், நானுஓயா

பதில்: பூட்டுவதை நீங்களே செய்யலாம். நிறம் பார்த்து முறுக்குவதை மட்டும் செய்யாதீர்கள். புதுச் செட் எரிந்து போவதற்கு அதுதான் முதல் காரணம்.

கடையில் வாங்கும் செட்டுகளில் பெரும்பாலும் மஞ்சள் என்றால் எப்போதும் கரண்ட் இருக்கும் வயர், சிவப்பு என்றால் சாவியைத் திருப்பினால் வரும் கரண்ட், கறுப்பு என்றால் எர்த். வெள்ளை முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. ஒவ்வொன்றுக்கும் துணையாகக் கறுப்புக் கோடு போட்ட அதே நிற வயர் மைனஸுக்கு. டொயோட்டா தன் கார்களுக்கு வைத்திருக்கும் நிறங்கள் முற்றிலும் வேறு. பெரும்பாலான டொயோட்டாக்களில் நீலத்தில் மஞ்சள் கோடு போட்டதுதான் நிரந்தரக் கரண்ட், எர்த் பழுப்பு நிறம். சாவிக் கரண்ட் சாம்பல் நிறத்தில் வரும், விளக்குக் கரண்ட் பச்சையில். காரில் இருக்கும் கறுப்பும் மஞ்சளும் பின் இடது ஸ்பீக்கருக்குப் போகிற சோடி. சிவப்பும் வெள்ளையும் பின் வலது.

இப்போது நண்பர் சொன்னபடி முறுக்கிப் பாருங்கள். செட்டின் சாம்பல் வயர், அதாவது முன் வலது ஸ்பீக்கருக்குச் சத்தம் அனுப்பும் வயர், காரின் சாம்பலோடு சேர்கிறது. சாவியைத் திருப்பிய கணமே 12 வோல்ட் நேராகச் செட்டின் அம்ப்ளிஃபையர் ஐசிக்குள் பின்வழியாக நுழையும். பச்சையும் பச்சையும் சேர்ந்தால் பகல் முழுவதும் பிரச்சினை தெரியாது. மாலையில் மூடுபனி இறங்கி, நீங்கள் பார்க் லைட்டைப் போடும்போதுதான் அதே 12 வோல்ட் உள்ளே போகும். பகலில் நன்றாகப் பாடிய செட் இரவில் வாய் மூடிக்கொண்டது என்று வரும் முறைப்பாடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பச்சையைத்தான்.

இதைத் தவிர்க்க எளிய வழி, டொயோட்டாவுக்கென்று வரும் 10 ஊசி, 6 ஊசி பிளக் சோடியை வாங்குவது. விலை அதிகமில்லை. காரின் வயரை வெட்டவும் வேண்டாம். காரை விற்கும் நாளில் பழைய செட்டை அப்படியே திருப்பிப் பூட்டலாம். அந்தப் பிளக்கின் மறுமுனையைச் செட்டின் வயரோடு மேசையில் வைத்தே இணைத்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு செய்யும் இணைப்பு ஒருபோதும் ஒழுங்காக வராது.

பிளக் வாங்கினாலும் மல்டிமீட்டரால் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். மீட்டரின் கறுப்பு முனையை பொடியின், அதாவது காரின் உடலின், வெறும் இரும்பில் வையுங்கள். சாவி இல்லாமலே 12.4, 12.6 என்று காட்டினால் அது நிரந்தரக் கரண்ட். சாவியை ஏசிசி நிலைக்கு (எஞ்ஜின் ஓடாமலே ரேடியோ பாடும் நிலை) திருப்பியதும் வந்தால் அது செட்டின் சிவப்புக்கு. பார்க் லைட் போட்டால் மட்டும் வந்தால் அது செட்டின் ஆரஞ்சுக்கு. பிறகு பெட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு ஓம் அளவில் பாருங்கள்: எர்த் வயருக்கும் பொடிக்கும் இடையே ஏறத்தாழ 0, ஸ்பீக்கர் சோடிக்கு இடையே 3.2 முதல் 3.8 வரை. ஸ்பீக்கரின் எந்த முனையும் பொடியைத் தொடக் கூடாது. தொட்டால் கதவு வழியாக வரும் வயர் எங்கோ நசுங்கியிருக்கிறது. அதைத் திருத்தாமல் செட்டைப் போட்டால் திரையில் ‘புரொடெக்ட்’ என்று எழுந்து அணைந்துவிடும்.

எந்தச் சோடி எந்தக் கதவுக்கு என்று தெரியாவிட்டால் சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பெட்டரி ஒன்று போதும். சோடியின் முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். அந்தக் கதவில் ‘டப்’ என்று கேட்கும். வலையைக் கழற்றிப் பார்த்தால் ஸ்பீக்கரின் காகிதம் வெளியே தள்ளுவதோ உள்ளே இழுப்பதோ கண்ணுக்குத் தெரியும். வெளியே தள்ளினால் பெட்டரியின் பிளஸ் தொட்ட வயர்தான் பிளஸ். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இது மாறிப்போனால் எதுவும் எரியாது. ஆனால் தவிலும் மிருதங்கமும் காற்றில் கரைந்த மாதிரி இருக்கும். எவ்வளவு பேஸ் கூட்டினாலும் வராது.

இனிப் பூட்டும் ஒழுங்கு. 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் பெட்டரி மைனஸைக் கழற்றி, 90 விநாடியாவது பொறுத்திருங்கள். ஏர்பேக் வயர்களில் மிஞ்சியிருக்கும் கரண்ட் இறங்குவதற்கு அந்த நேரம் வேண்டும். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் பிளக் எதையாவது கண்டால் அது ஏர்பேக்குக்குரியது, கை வைக்க வேண்டாம். செட்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டம் கிளிப்பில் நிற்கிறது. குளிர்ந்த காலையில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும். இழுத்தால் கிளிப் உடையும். பெட்டரியைக் கழற்றுமுன்பே ஹீட்டரைச் சற்று ஓடவிட்டு, அல்லது வெயில் ஏறிய பின் கழற்றுங்கள். ஸ்குரூ டிரைவருக்குப் பதில் துணி சுற்றிய பிளாஸ்டிக் துண்டால் நெம்புங்கள்.

பழைய செட்டின் இருபக்க இரும்புத் தாங்கியைக் கழற்றிப் புதுச் செட்டில் போட வேண்டும். அதற்குரிய ஸ்குரூ 5 மில்லிமீட்டர் தடிப்பு, 8 மில்லிமீட்டர் நீளம். நீளமான ஸ்குரூவைப் போட்டால் அது செட்டின் உள்ளே போய் போர்டைக் குத்தும். இன்னொன்று, டொயோட்டாவின் இடம் 200 மில்லிமீட்டர் அகலம். சாதாரண டபுள் டின் செட் 180 தான். இருபக்கமும் 10 மில்லிமீட்டர் இடைவெளி தெரியும். வாங்கும்போதே 200 அகலச் செட்டையோ பக்கச் சட்டத்தையோ கேட்டு வாங்குங்கள்.

இணைப்புகளுக்கு ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். அல்லது வயர் முனைகளை உலோகக் குழலில் நசுக்கிப் பிடிக்கும் ஒழுங்கான கிரிம்ப். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியது ஹீட்டர் சூட்டில் பசை இளகி அவிழும். வீட்டு வயரிங்குக்கான ஒற்றைக் கம்பி வயரும் வேண்டாம். தோட்டத்துப் பாதையின் குலுக்கலில் அது உள்ளுக்குள்ளேயே முறியும், வெளியே தெரியாது. கரண்ட், எர்த் இரண்டையும் நீட்ட வேண்டியிருந்தால் 1.5 சதுர மில்லிமீட்டர் பலகம்பி வயர், ஸ்பீக்கருக்கு 0.75 போதும்.

எல்லாம் கொழுவி, செட் வெளியே தொங்கும் நிலையிலேயே பெட்டரியைப் போட்டு நான்கு மூலையிலும் சத்தம், ரேடியோ, விளக்கு எல்லாவற்றையும் பாருங்கள். பிறகு தள்ளுங்கள். உள்ளே போகாமல் இரண்டு விரல் அளவு வெளியே நின்றால் வயர்க் கட்டு பின்னால் மாட்டியிருக்கிறது. அழுத்தாதீர்கள், கட்டைக் கீழே இருக்கும் வெற்றிடத்துக்குள் இறக்கிவிட்டால் செட் தானாகப் போய் உட்காரும்.

பியூஸ் போனால் அதே அளவு பியூஸ்தான். செட்டின் முதுகில் 10 அல்லது 15 என்று இருக்கும். சிகரட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றி ஓடுவது இன்னும் நடக்கிறது. அப்போது எரிவது பியூஸுக்குப் பதில் டேஷ்போர்டின் வயர்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த வேகன் ஆர். அதன் ரேடியோவில் ஒரு தமிழ் அலைவரிசைகூட வரவில்லை. புதுச் செட் போட்டோம். இப்போது அட்டன் டவுனில் வருகிறது, கொஞ்சம் தள்ளிப் போனால் ஒரே இரைச்சல். செட் பழுதா?
– வாசகி, கொட்டகலை

பதில்: பழைய செட்டில் வராததற்குக் காரணம் ஜப்பானின் எஃப்எம் 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 90இல் முடிகிறது, பிந்திய செட்டுகளில் 95. இலங்கையில் 87.5 முதல் 108 வரை. இடையில் போடும் எக்ஸ்பாண்டர் பெட்டி அலைவரிசையைக் கீழே இறக்கிக் கொடுக்கும். ஆனால் 20 மெகாஹேர்ட்ஸ் அகலத்தை 14க்குள் அடக்க முடியாது, சில நிலையங்கள் எப்படியும் விடுபடும். புதுச் செட் போட்டது சரியான முடிவு.

இரைச்சலுக்கு மூன்றைப் பாருங்கள். முதலாவது, செட்டின் நீல வயர். கூரையிலோ கண்ணாடியிலோ உள்ள ஏரியலுக்குள் சிறிய அம்ப்ளிஃபையர் இருந்தால் அதற்கு இந்த வயர்தான் 12 வோல்ட் கொடுக்கிறது. பூட்டியவர்கள் பலமுறை இதை வெறுமனே டேப் சுற்றி விட்டுவிடுகிறார்கள். அப்போது டவுனில் மட்டுமே வரும், உங்களுக்கு நடப்பது போலவே. முதலில் சந்தேகிக்க வேண்டியது இதை. இரண்டாவது, செட்டிங்கில் நாடு. அமெரிக்கா என்று இருந்தால் 0.2 ஆகத் தாவி ஒற்றைத் தசமங்களில் மட்டும் நிற்கும். ஐரோப்பா அல்லது ஆசியா என்று மாற்றுங்கள். மூன்றாவது, திரையில் ‘லோக்’ (LOC) என்ற எழுத்து எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் செட் பலமான நிலையங்களை மட்டுமே தேடும். மலைநாட்டில் அதை அணைத்தே வைக்க வேண்டும்.

இவை சரியாக இருந்தும் சில வளைவுகளில் இரையத்தான் செய்யும். எஃப்எம் அலை நேர்கோட்டில் போகிறது. 2,524 மீட்டர் உயரப் பிதுருதலாகலையில் கோபுரம் இருந்தாலும் உங்களுக்கும் அதற்கும் நடுவே ஒரு மலை நின்றால் எந்தச் செட்டாலும் முடியாது.

கேள்வி: ஆல்டோ காரில் ஆண்ட்ராய்ட் செட் பூட்டிய பிறகு இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் ஸ்டார்ட் ஆவதில்லை. பெட்டரி புதிது.
– வாசகர், மஸ்கெலியா

பதில்: சிவப்பும் மஞ்சளும் ஒரே நிரந்தரக் கரண்டில் சேர்க்கப்பட்டிருக்கும். சாவிக் கரண்ட் எதுவென்று தேடச் சோம்பல்பட்டவர்கள் இப்படித்தான் செய்வார்கள். செட்டுக்குச் சாவி எடுத்ததே தெரியாது. திரை அணைந்தாலும் உள்ளே விழித்தே இருக்கும். அரை ஆம்பியர் இழுத்தால் 48 மணி நேரத்தில் 24 ஆம்பியர் மணி போய்விடும். 35 ஆம்பியர் மணி பெட்டரியில் மிஞ்சுவது 11. நம் பக்கத்துக் குளிர் காலையில் எஞ்ஜின் எண்ணெயும் கெட்டியாக இருக்கும்போது அது ஸ்டார்டரைச் சுற்றாது.

உறுதிப்படுத்த: பெட்டரி மைனஸைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய வயருக்கும் பெட்டரி முனைக்கும் நடுவே வையுங்கள். கதவுகள் மூடியிருக்க வேண்டும். இந்த நிலையில் சாவியைத் திருப்பவே கூடாது, மீட்டர் எரிந்துவிடும். அரை மணி நேரம் கழித்து 0.05க்குக் கீழே இறங்கினால் நல்லது. இறங்காவிட்டால் செட்டின் பியூஸை இழுங்கள். எண் சட்டென்று விழுந்தால் குற்றவாளி செட்தான். சிவப்பைச் சாவிக் கரண்டுக்கு மாற்றுங்கள், மஞ்சள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பிறகு செட்டிங்கில் தூக்க நேரத்தைக் குறைத்து வையுங்கள்.

ஹேண்ட்பிரேக் வயரை எர்த்தில் கொடுத்து ஓடும்போது படம் பார்க்கும் வழியையும் கேட்டிருந்தீர்கள். அதைச் சொல்லித் தரமாட்டோம்.

கேள்வி: ஏற்றத்தில் எக்ஸிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ‘உய்ங்’ என்று கூடிக் குறைகிறது.
– வாசகர், வெலிமடை

பதில்: எர்த் சரியில்லை. செட்டின் கறுப்பு வயரைத் தனியாகக் கொண்டுபோய், பொடியில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் போல்ட் வைத்து இறுக்குங்கள். தனி அம்ப்ளிஃபையர் இருந்தால் அதன் சிக்னல் கேபிளைக் கரண்ட் கேபிளோடு ஒரே பக்கத்தில் ஓட்டாதீர்கள். ஒன்று இடது, ஒன்று வலது.

கேள்வி: த்ரீவீலரில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஸ்பீக்கர், செட்டில் இரண்டு லைன்தான். அரை மணி நேரத்தில் செட் சூடாகி நிற்கிறது.
– வாசகர், பண்டாரவளை

பதில்: பக்கத்துக்கு இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரைப் பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்திருப்பீர்கள். அப்போது செட்டுக்குத் தெரிவது 2 ஓம். 4க்குக் குறையக் கூடாது என்று அதன் முதுகிலேயே எழுதியிருக்கும். முதல் ஸ்பீக்கரின் மைனஸை இரண்டாவதன் பிளஸோடு தொடராக இணைத்தால் 8 ஓம் ஆகும். சத்தம் சற்றுக் குறையும், செட் பிழைக்கும். நாங்கள் சொல்வது, பக்கத்துக்கு ஒரு நல்ல ஸ்பீக்கரே போதும். ஸ்பீக்கரின் மைனஸ்களை வண்டியின் பொடியில் கொடுத்திருந்தால் அதையும் உடனே பிரியுங்கள். இக்காலச் செட்டுகளில் ஸ்பீக்கர் மைனஸ் எர்த் அல்ல.

கேள்வி: கொழுந்து ஏற்றும் லொறிக்கு இரண்டு பெட்டரி, 24 வோல்ட். 12 வோல்ட் செட்டுக்கு ஒரு பெட்டரியிலிருந்து மட்டும் கரண்ட் எடுத்தால் என்ன?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: செட் பாடும், பெட்டரி சாகும். ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்தே சார்ஜ் செய்கிறது. ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தால் அது எப்போதும் குறைச் சார்ஜில் கிடக்கும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகித் தண்ணீர் வற்றும். சில மாதங்களில் இரண்டையும் மாற்ற வேண்டி வரும். 24இலிருந்து 12க்கு இறக்கும் கன்வெர்ட்டர், குறைந்தது 10 ஆம்பியர், வாங்கிப் போடுங்கள். நிரந்தரக் கரண்டுக்கும் சாவிக் கரண்டுக்கும் தனித்தனி வெளியீடு உள்ளதாக இருந்தால் செட்டின் நினைவும் அழியாது. காற்றுப் படும் இடத்தில், இரும்பில் இறுக்கி வையுங்கள். சீட்டுக்கு அடியில் சாக்கோடு சாக்காகத் திணித்தால் சூட்டில் நின்றுவிடும்.