கடலோரத்தில் மனை வாங்கலாமா?

கேள்வி: மரக்காணம் பக்கம், கடலில் இருந்து 300 மீட்டர் தள்ளி ஒரு மனை விலைக்கு வந்திருக்கிறது. ஓய்வு பெற்றபின் வீடு கட்டிக் குடியேறும் எண்ணம். 2100க்குள் கடல் அரை மீட்டர் உயரும் என்று ஓரிடத்தில் படித்தேன், 2 மீட்டர் என்று இன்னோரிடத்தில். விஞ்ஞானிகளே ஒரு முடிவுக்கு வராதபோது எதை நம்பி அட்வான்ஸ் கொடுப்பது?

பதில்: நீங்கள் படித்த இரண்டுக்கும் ஒரே அறிக்கையில் இடம் உண்டு. பருவநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா.வின் ஐபிசிசி குழு 2021ல் சொன்னது இது: 2100க்குள் 28 செ.மீ.யில் இருந்து 1 மீட்டர் வரை உயரலாம்; 2 மீட்டரை நெருங்கும் வாய்ப்பையும் ஒதுக்கிவிட முடியாது. இனி எவ்வளவு நிலக்கரியும் பெட்ரோலும் எரிப்போம் என்பது பாதிக் குழப்பம். மீதி அண்டார்டிகா.

அங்கே த்வைட்ஸ் என்றொரு பனியாறு, கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் தரையில் உட்கார்ந்திருக்கிறது. அதன் அடியை வெதுவெதுப்பான கடல்நீர் அரிக்கிறது. முழுதும் போனால் அது மட்டுமே உலகக் கடலை 65 செ.மீ. உயர்த்தும். எத்தனை காலத்தில் என்பதுதான் தகராறு. பனிச்சுவர் தன் பாரம் தாங்காமல் சரியும், அண்டார்டிகா மட்டுமே 2100க்குள் 1 மீட்டருக்கு மேல் தரக்கூடும் என்று டிகான்டோ, பொல்லார்ட் என்ற இரு விஞ்ஞானிகள் 2016ல் கணக்கிட்டார்கள். 2021ல் அவர்களே அந்த அளவைக் குறைத்தார்கள். த்வைட்ஸ் இந்த நூற்றாண்டில் அப்படிச் சரியும் வாய்ப்பு குறைவு என்றது 2024ல் வந்த ஓர் ஆய்வு. வழக்கு இன்னும் முடியவில்லை.

சரி, உங்கள் மனைக்கு வருவோம். 2050 வரை இந்தத் தகராறு உங்களைப் பெரிதாகத் தொடாது. எவ்வளவு புகை விட்டாலும் அதற்குள் உயர்வு, 1995–2014 மட்டத்துக்கு மேல் சுமார் 15 முதல் 29 செ.மீ.தான். ஆனால் அந்த மனையே கடல்மட்டத்துக்கு எத்தனை மீட்டர் மேலே இருக்கிறது? பெரும்பாலும் தரகருக்கும் தெரியாது. இணைய வரைபடங்கள் காட்டும் உயரத்தை நம்பாதீர்கள். அவற்றில் பலவும் 2000ல் எண்டெவர் விண்கலம் ரேடாரில் எடுத்த அளவை வைத்துச் சொல்பவை. ரேடாருக்குச் சவுக்குத் தோப்பின் தலையும் ஏறக்குறைய தரை மாதிரிதான். சில மீட்டர் பிசகும். செ.மீ. கணக்குக்கு விஞ்ஞானிகள் அடித்துக்கொள்ள, நம் கையில் இருப்பதோ மீட்டர் பிசகு! ஒரு சர்வேயரை அழைத்து, அருகில் உள்ள பெஞ்ச்மார்க்கில் (கடல்மட்டத்துக்கு மேல் உயரம் அளந்து குறித்த அடையாளக் கல்) இருந்து லெவல் எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், கடல் உயர்ந்துதான் உள்ளே வரவேண்டும் என்றில்லை. நம் கரையில் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகம் அதைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. புதுச்சேரியிலும் அதே கதை. கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைப் புரட்டி, உங்கள் மனைக்கு நேரே கரைக்கோடு எங்கே இருந்தது என்று பாருங்கள். தெற்கே மணலைத் தடுக்கும்படி கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவோ கல்சுவரோ வருகிறதா என்று மீனவர்களிடம் விசாரியுங்கள்.

முதுகுப் பக்கத்தையும் மறக்க வேண்டாம். மரக்காணத்துக்கு மேற்கே கழுவெளி ஏரியும் உப்பளங்களும் தாழ்ந்த நிலம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது அந்த உப்பளங்கள் முழுகின. கடல்மட்டம் ஒரு சாண் ஏறினால்கூட வெள்ளம் முகத்துவாரம் வழியாக வடிவது மெதுவாகும்.

ஓதம் ஏறும் உச்சக் கோட்டில் இருந்து 500 மீட்டருக்குள் என்பதால், கடலோரத்தில் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் சிஆர்இசட் விதிகளும் பொருந்தும். சிஆர்இசட் வரைபடத்தில் மனையின் சர்வே எண்ணைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கடைசியாக, மே மாதம் ஒருநாள் போய்ப் பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கரித்தால் அட்வான்ஸ் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.