பெஞ்சிலிருந்து பதில்கள்

கே: எங்கள் கால்பந்து அணிக்கு ஒன்பது ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. பயிற்சியாளரை அனுப்பிவிட்டு, உதவியாளராக இருந்தவரை இடைக்காலப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். வந்ததும் வராததுமாக இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டோம். இவரையே நிரந்தரமாக்கச் சொல்லிக் கத்தலாமா?

ப: தொண்டையைக் கொஞ்சம் பத்திரப்படுத்துங்கள். நான் கல்லூரி அணியில் இரண்டு வருடம் பெஞ்சைத் தேய்த்தவன். பயிற்சியில் ஆடும் பதினொரு பேருக்கு வெறும் ஜெர்சி. பெஞ்சில் இருக்கும் எங்களுக்கு அதன்மேல் மாட்ட மஞ்சள் பிப், அதாவது அணியைப் பிரித்துக் காட்டும் கையில்லாத மேலாடை. துவைத்து யாரும் பார்த்ததில்லை, தலை வழியாக இறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாதி சீசனில் கோச் போனார். மறுநாள் பொறுப்பேற்றவர் பிப் மூட்டையை மைதானத்தில் கவிழ்த்து, எல்லா நிறத்தையும் கலந்து, "கண்ணை மூடிட்டு எடுங்கடா" என்றார். கேப்டன் கையில் மஞ்சள்! அன்றைக்கு நான் ஓடிய ஓட்டம் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் இல்லை. தொடர்ந்து மூன்று வெற்றி. நாலாவது வாரம் யார் ஆடுவார்கள் என்பது மறுபடி எல்லோருக்கும் தெரிந்துபோனது. மஞ்சள் பிப் என் கழுத்துக்கே வந்து சேர்ந்தது.

பெரிய கிளப்பிலும் கதை இதுதான். 2012 பிப்ரவரியில் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் போட்டியில், நேப்பிள்ஸில் நாப்போலி அணியிடம் லண்டன் கிளப் செல்சி 3-1 என்று தோற்ற அன்று, நட்சத்திர ஆட்டக்காரர் லாம்பார்டு பெஞ்சில் தொடங்கினார். பயிற்சியாளர் வில்லாஸ்-போவாஸ் போய், உதவியாளர் டி மாட்டேயோ இடைக்காலமாக வந்தார். மார்ச் 14 அதே நாப்போலியுடன் மறு ஆட்டத்தில் 4-1 வெற்றி. கோல் போட்டவர்களில் லாம்பார்டும் உண்டு. மே 19 அன்று மியூனிக்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் செல்சியின் ட்ரோக்பா 88-வது நிமிடம் தலையால் முட்டி சமன் செய்ய, பெனால்டியில் கோப்பை. ஜூனில் வேலையை நிரந்தரமாக்கினார்கள். நவம்பரில் அனுப்பிவிட்டார்கள்.

சோல்ஷேர் கணக்கு இன்னும் வேடிக்கை. 2018 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு இடைக்காலப் பயிற்சியாளராக வந்து, கார்டிஃப் அணியை 5-1 என்று அடித்துத் தொடங்கினார். 19 ஆட்டத்தில் 14 வெற்றி. மார்ச் 28 அன்று நிரந்தரம். மிச்சமிருந்த பத்தில் ஜெயித்தது இரண்டு. கடைசி நாள் சொந்த மைதானத்தில் 0-2 தோல்வி. யாரிடம்? அதே கார்டிஃபிடம்!

கே: அப்படியானால் இடைக்காலப் பயிற்சியாளரால் உருப்பட்ட அணியே கிடையாதா?

ப: ஏன் இல்லை? ஐவரி கோஸ்ட். 2024 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையைச் சொந்த மண்ணில் நடத்திக்கொண்டே ஈக்வடோரியல் கினியாவிடம் 4-0 என்று உதை வாங்கினார்கள். பயிற்சியாளர் போனார். மூன்றாம் இடத்தில் முடித்த அணிகளுக்கான சலுகையில் தொற்றிக்கொண்டு அடுத்த சுற்றுக்குள் நுழைந்தார்கள். உதவியாளர் எமெர்ஸ் ஃபாயே பொறுப்பேற்றார். செனகலைப் பெனால்டியில், மாலியைப் பத்துப் பேரோடு, பிறகு காங்கோவை. இறுதியில் நைஜீரியாவை 2-1. மொத்தம் நாலே ஆட்டம்! கலைத்துப் போட்ட பிப் நாலு ஆட்டம் தாங்கும். இங்கிலாந்து லீக்கில் முப்பத்தெட்டு. (டி மாட்டேயோ கோப்பை தூக்கிய சீசனிலும் செல்சி லீக்கில் ஆறாவது இடம்தான்.) 2019 நவம்பரில் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் அணிக்கு இடைக்காலமாக வந்த ஃப்ளிக் லீக்கையும் சேர்த்து மூன்று கோப்பை தூக்கினாரே என்பீர்கள். அவரிடம் கோல் மழை பொழிந்த லெவண்டோவ்ஸ்கி இருந்தார். உங்கள் அணியில் யார் இருக்கிறார்?

முதல் கேள்வி கேட்டவருக்கு: இன்னும் எத்தனை ஆட்டம் மிச்சம் என்று நீங்கள் எழுதவில்லை. நாலு என்றால் கத்துங்கள். இருபது என்றால், ஐந்தாவது ஆட்டத்தில் கோட்டுக்கு வெளியே உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருப்பவர்களைப் பாருங்கள். பழைய கோச் காலத்து அதே முகங்களா, கால் மட்டும் ஆடி கண் எங்கோ இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.