சி டிரைவில் சிவப்புக் கோடு: கணினி கேள்வி-பதில்

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்தி வருகிறோம். அலுவலக மடிக்கணினியில் 128 ஜிபி எஸ்எஸ்டி சி டிரைவாகவும், 1 டிபி ஹார்டு டிஸ்க் டி டிரைவாகவும் உள்ளன. விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாற முயன்றால், இடம் போதவில்லை என்று கூறி நின்றுவிடுகிறது. சி டிரைவில் 6 ஜிபி மட்டுமே மிச்சம். அச்சுகளின் படங்கள், வாடிக்கையாளர் வீடுகளின் அளவுகள், டேலி கணக்கு அனைத்தும் அதில்தான் உள்ளன. எதை அழிக்கலாம்? (ஆத்தங்குடி வாசகர்)

பதில்: தங்கள் கணக்கில் அழிக்க வேண்டியவை குறைவு, இடம் மாற்ற வேண்டியவைதான் அதிகம். அதற்கு முன்பாக, அந்த மடிக்கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்பதை மைக்ரோசாஃப்ட்டின் ‘பிசி ஹெல்த் செக்’ என்ற இலவசச் செயலியில் சோதித்துக்கொள்ளுங்கள். டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் இருந்தாக வேண்டும். இவை இல்லாத கணினியில் எவ்வளவு இடத்தை ஒழித்துக் கொடுத்தாலும் பயனில்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், மாற நினைப்பது சரியான முடிவே.

விண்டோஸ் 11-க்கு 64 ஜிபி வேண்டும் என்ற நிபந்தனையைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது டிஸ்க்கின் மொத்தக் கொள்ளளவைப் பற்றியது. அவ்வளவும் காலியாக இருக்க வேண்டும் என்பதில்லை. சி டிரைவில் குறைந்தது 20 ஜிபி, முடிந்தால் 30 ஜிபி காலியாக இருந்தால் நிம்மதியாக மாறலாம் என்பது என் கருத்து. (128 ஜிபி என்று விற்கப்படும் எஸ்எஸ்டியை விண்டோஸ் ஏறத்தாழ 119 ஜிபி என்றுதான் காட்டும். கணக்கிடும் முறையில் உள்ள வேறுபாடு அது. கடைக்காரர் மீது சந்தேகம் வேண்டாம்.)

செட்டிங்ஸில் சிஸ்டம், அதனுள் ஸ்டோரேஜ் என்ற பக்கத்தைத் திறந்தால், எந்த வகைக் கோப்பு எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்பது தெரியும். அங்குள்ள ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ பகுதியில் பழைய அப்டேட் எச்சங்கள், டெலிவரி ஆப்டிமைசேஷன் கோப்புகள், ரீசைக்கிள் பின் ஆகியவற்றைத் தயங்காமல் நீக்கலாம். அதே பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்ற பெயரும் இருக்கும். அதை மட்டும் டிக் செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் வந்த வீட்டு வரைபடங்களைத் தாங்கள் இறக்கிவைத்திருப்பது பெரும்பாலும் அந்தக் கோப்புறையில்தான்.

அடுத்தது படங்கள். டெஸ்க்டாப்பில் வைத்திருப்பதும் சி டிரைவில் இருப்பதுதான் என்பதைப் பலர் அறிவதில்லை. டெஸ்க்டாப்பிலிருந்து டாக்குமென்ட்ஸுக்கு மாற்றுவது, முகப்பில் கிடக்கும் பெட்டியை இரண்டாம் கட்டுக்குத் தூக்கி வைப்பதைப் போன்றது. அதனால் வீட்டில் ஓர் அடி இடமும் கூடிவிடாது. பிக்சர்ஸ் கோப்புறையின் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் ‘லொக்கேஷன்’ என்ற பக்கத்திற்குப் போய், ‘மூவ்’ பொத்தானை அழுத்தி, டி டிரைவில் புதிதாக உருவாக்கிய ஒரு கோப்புறையைக் காட்டுங்கள். பழைய படங்கள் அங்கே போய்ச் சேர்வதோடு, இனி அதில் சேமிப்பவையும் தாமாகவே டி டிரைவுக்குப் போகும்.

ஆனால் டி டிரைவும் அதே மடிக்கணினிக்குள்தான் இருக்கிறது. பட்டறையில் இன்று இல்லாத பழைய அச்சுகளுக்கு அந்தப் படங்களே சாட்சி என்றால், வெளியில் இணைக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்றில் இன்னொரு பிரதி எடுத்து, சில படங்களை அதிலிருந்தே திறந்து பார்த்த பிறகுதான் மேம்படுத்தலைத் தொடங்க வேண்டும்.

டேலி தரவுக் கோப்புறையை மட்டும் கையால் நகர்த்தாதீர்கள். மென்பொருளுக்குச் சொல்லாமல் மாற்றினால், மறுநாள் நிறுவனத்தின் பெயரே பட்டியலில் வராது. டேலிக்குள் இருக்கும் பேக்கப் வசதியைக் கொண்டு பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்தால் போதும். கணக்குத் தரவு பொதுவாகப் படங்களைப் போல இடத்தை அடைப்பதில்லை.

கேள்வி: விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகு, ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற கோப்புறை 20 ஜிபிக்கு மேல் இடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. அழித்துவிடலாமா? (தேவகோட்டை வாசகி)

பதில்: உடனே வேண்டாம். புதிய பதிப்பு ஒத்துவராவிட்டால் பழையதற்குத் திரும்புவதற்காக வைக்கப்பட்டிருப்பது அது. அந்த வாய்ப்பு 10 நாட்களுக்கு மட்டுமே உண்டு. அதன் பிறகு விண்டோஸே அதை நீக்கிவிடும். அந்த நாட்களுக்குள் பிரிண்டர், ஸ்கேனர், வங்கிக்கான டிஜிட்டல் கையொப்பச் சாதனம் ஆகியவற்றை ஒருமுறையேனும் இயக்கிப் பாருங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கடிதங்கள் இருந்தால், அவற்றையும் திறந்து பார்த்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்து, இடம் அவசரமாகத் தேவைப்பட்டால், டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியலில் ‘ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்’ என்பதை டிக் செய்து நீக்கலாம். கோப்புறையை நேரடியாகத் தேர்ந்தெடுத்து டெலிட் கொடுத்தால், அனுமதி இல்லை என்ற செய்திதான் திரும்பத் திரும்ப வரும்.

கேள்வி: கானாடுகாத்தானில் தங்கும் விடுதி நடத்துகிறேன். கணினியில் ஆயிரக்கணக்கான ரெஜிஸ்ட்ரி பிழைகள் இருப்பதாக ஓர் இலவச ‘கிளீனர்’ காட்டுகிறது. பணம் கட்டினால் இடமும் வேகமும் கூடும் என்கிறது. நம்பலாமா? மேலும், ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ என்ற கோப்புறை மிகப் பெரிதாக உள்ளதே? (கானாடுகாத்தான் வாசகர்)

பதில்: பணம் கட்ட வேண்டாம், அந்தச் செயலியையும் நீக்கிவிடுங்கள். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்பு விவரங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு. அதைச் சுத்தம் செய்வதால் மிச்சமாகும் இடம் ஒரு புகைப்படத்தின் அளவுக்குக்கூட வராது. அதில் கை வைத்ததால் விண்டோஸே கிளம்பாமல் போனதுண்டு. இத்தகைய மென்பொருள்களை மைக்ரோசாஃப்ட்டும் ஆதரிப்பதில்லை. வின்எஸ்எக்ஸ்எஸ் விண்டோஸின் பாகங்களைச் சேமித்துவைக்கும் இடமாகும். அதிலுள்ள பல கோப்புகள் வேறு கோப்புறைகளிலும் அதே கோப்பாகவே தோன்றுவதால், காட்டப்படும் அளவு உண்மையைவிடக் கூடுதலாக இருக்கும். அதைக் கையால் அழிக்கவே கூடாது. விருந்தினருக்குக் காட்ட எடுத்த வளவு, தூண், கூரை வீடியோக்கள் அந்தக் கணினியில் எத்தனை பிரதிகளாகக் கிடக்கின்றன என்று முதலில் தேடிப் பாருங்கள். தங்களுக்கு வேண்டிய இடம் அங்கேயே கிடைத்துவிட வாய்ப்புண்டு.