19ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சிற்றூரில் சேணத் தொழிலாளிக்கு என்ன வேலை?

குதிரையை வண்டியோடும் ஏரோடும் பிணைக்கும் தோல் வார்கள், கழுத்து வளையம், கடிவாளம் எல்லாம் சேர்ந்ததே வண்டிச் சேணம். அதைச் செய்வதும் பழுது பார்ப்பதுமே அவர் தொழில். உழவும் போக்குவரத்தும் குதிரையை நம்பியிருந்ததால், வார் அறுந்தால் விவசாயியின் அன்றைய வேலையே நின்றுவிடும். அதனால் புதியது செய்வதோடு, பழையதைத் தைத்துக் கொடுப்பதும் அவருக்கு ஓயாத வேலை.

குதிரை தோளால் வளையத்தை முன்தள்ளியே வண்டியை நகர்த்துகிறது. வளையம் சிறிதானால் மூச்சு முட்டும். பெரிதானால் உராய்ந்து புண்ணாகும். அளவாகப் பொருந்தினால்தான் சுமை தோளில் பரவும். கனமான புத்தகப் பையின் மெல்லிய பட்டை தோளை அறுப்பதையும், அகன்ற பட்டை சுமையைப் பரப்புவதையும் நினைத்துப் பாருங்கள்.

அவருடைய தையல் என்னை வியக்க வைக்கிறது. மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி. குத்தூசியால் துளையிட்டு, இரண்டையும் எதிரெதிர்த் திசையில் செலுத்தி இறுக்குவார். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற தையல்கள் சட்டென்று பிரியாது. குதிரை முழு பலத்தோடு இழுக்கும்போது அந்த உறுதிதான் வண்டியோட்டியின் உயிரைக் காத்தது.

மோட்டார் கார்தான் இவர்களை ஒழித்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஃபோர்டின் மாடல் டி கார் 1908இல்தான் வந்தது. அதற்கு முன்பே, 1890களில், தொழிற்சாலையில் செய்த மலிவான சேணங்கள் அஞ்சல்வழி விற்பனைப் பட்டியல்கள் மூலம் விவசாயிகளின் வீடு தேடி வரத் தொடங்கியிருந்தன.